பிள்ளை என்னும் பட்டம்

'நாம் கடவுளின் பிள்ளைகள்.' மறையுரைகளிலும் தியானங்களிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன சொற்றொடர் இது. பழகிப்போனதாலேயே அதன் எடை நமக்குத் தெரிவதில்லை. ஒரு தந்தைக்குப் பிள்ளையாகிறவர் அந்த நொடியிலேயே அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் உடன்பிறப்பாகிவிடுகிறார். தந்தையை ஏற்றுக்கொண்டு, உடன்பிறந்தோரை விலக்கி வைக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

இயேசு கற்பித்த செபத்தை எண்ணிப் பார்ப்போம். 'என்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. தந்தையும் எங்கள் தந்தை; உணவும் எங்கள் உணவு. கதவை அடைத்துத் தனியே செபிக்கும்போதும் உடன்பிறந்தோர் அனைவரையும் அருகில் நிறுத்திக்கொண்டே நாம் இறைவன் முன் நிற்கிறோம்.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் நம் மண்ணிலேயே பிறந்தார். 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். டச்சுப் படைத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவியும் குலப்பெருமையும் உடைய அவர், அன்று தீண்டத்தகாதோர் எனப்பட்டோருடன் வேறுபாடு பாராது பழகினார். அது பலருடைய சினத்தைத் தூண்டியது. 1749-இல் சிறைப்பட்டார், எருமை மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் அவர் பெயரில் இடம்பெறவில்லை. அப்பட்டம் நீங்கியது, கடவுளின் பிள்ளை என்னும் பட்டம் நிலைத்தது. தமிழில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. ஆனால் முன்னது சிலரை உயர்த்திப் பலரைத் தள்ளி நிறுத்துகிறது. பின்னது எவரையும் தள்ளுவதில்லை.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தின் ஆலயத்தில், பின்னாளில் சாதிகளைப் பிரிக்கும் சுவர் ஒன்று நின்றது என்பது வரலாறு. ஒரே பீடத்தை நோக்கி, ஒருவரையொருவர் காணாதபடி மக்கள் நின்றனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது.

அண்மையில் நம் பங்கில் ஒரு குழந்தையின் திருமுழுக்கில் கலந்துகொண்டோம். தண்ணீர் ஊற்றப்பட்டது, கிறிஸ்மா தைலம் பூசப்பட்டது, வெண்ணாடை அணிவிக்கப்பட்டது, பாஸ்காத் திரியிலிருந்து ஒளி பெற்றுத் தரப்பட்டது. சடங்கு முடிந்ததும் பங்குத்தந்தை பதிவேட்டைத் திறந்து எழுதினார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877-ஆம் சட்டம் கேட்பவை குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருப்பணியாளர், சாட்சிகள், பிறந்த நாளும் இடமும், திருமுழுக்கு நிகழ்ந்த நாளும் இடமும் ஆகியவையே. சாதியை அச்சட்டம் கேட்கவில்லை.

பதிவேடு கேட்காததை அக்குழந்தை வளரும்போது யார் கேட்கப்போகிறார்கள்? மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்பதைத் தொடர்ந்து வருவது என்ன? சில பங்குகளில் இறந்தவர்கள்கூட இரு வேறு கல்லறைத் தோட்டங்களில் உயிர்ப்புக்காகக் காத்திருக்கிறார்களே, அது ஏன்? தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் முன்னுரிமைக்காக உடன்பிறந்தோர் காவல் நிலையம் வரை செல்வதைத் தந்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

திருமுழுக்கு நமக்குத் தந்த அடையாளம் சான்றிதழில் உறங்குவதற்கன்று. அது நம் பந்தியில், நம் வீட்டுத் திருமணப் பேச்சில், நம் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் சோதிக்கப்படுகிறது. கிறிஸ்துவில் யூதர், கிரேக்கர் என்ற பிளவு இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதும், ஒரே பந்தியில் அமரத் தயங்கியோரை மனத்தில் கொண்டுதான்.

புனித தேவசகாயம் குருவோ துறவியோ அல்லர், மணமான பொதுநிலையினர். நம்மைப் போல் அலுவலும் சுற்றமும் உடையவர். ஆகவே, 'இது குருக்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்' என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கல்லால் எழுந்த சுவரை இடிக்க ஆயரின் ஆணை வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசலில் நிற்கும் சுவருக்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. அடுத்த முறை நம் இல்லத்தில் விருந்தோ திருமணப் பேச்சோ எழும்போது, நம் தந்தை அங்கே அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பேசுவோம். எவரையும் விலக்காது அழைப்போம்.