ஏற்காடு கோடை விழாவுக்குப் போறீங்களா? அப்படியே சேர்வராயன் மலைக்கும் ஏறுங்க!

மே மாதம் ஏற்காட்டில் இரண்டு விழாக்கள். ஒன்று, அரசு நடத்தும் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று குட்டீஸ்களுக்கு நன்றாகவே பொழுது போகும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களில் பலர், பூக்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு மாலையே இறங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஏரியிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 5,326 அடி உயரத்தில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா. இந்த மலைத்தொடருக்கே பெயர் தந்த சாமி. கோபுரத்தைத் தேடாதீர்கள், கோயிலே ஒரு குகைதான்! தலையைக் குனிந்து இருட்டுக்குள் நுழைந்தால் சேர்வராயனும் காவிரி அம்மனும். குகை காவிரி ஆறு வரை நீள்கிறது என்பது நம்பிக்கை.

திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரண்டு வருகிறார்கள். (பெயரைக் கேட்டதும் கேரளாவை நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை.) 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவருவதற்கு முன்பே மலையில் வாழ்ந்தவர்கள். பூங்காவில் இருப்பது நமக்காக அடுக்கி வைத்த பூக்கள். மேலே நடப்பது அவர்கள் வீட்டு விசேஷம். போனை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

மலர்க் கண்காட்சித் தேதியை விசாரிக்கும்போதே கோயில் திருவிழா நாளையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மேலே காற்று பலம், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் அவசியம்.