மாப்பிள்ளை வண்டிக்கு ஜாக்கி போட்ட கதை

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

என் தங்கை வீட்டுக்காரர் பிரஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. தென் பிரான்சில் கடலோரமாக ஃப்ரெஜுஸ் என்ற ஊரில் வீடு. 2016-இல் மூன்று மாத விசாவில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம்.

வாசலில் ஒரு கேம்பிங்-கார் நின்றது. முன்பாதி வேன், பின்பாதி ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. ஃபியட் டுகாட்டோ வண்டிமேல் கட்டியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு இருவரும் அதில்தான் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

அந்த வண்டியில் ஒரு தொல்லை. நிறுத்தும் இடம் சமமாக இல்லாவிட்டால் படுக்கும்போது தலை கீழே போகும். குளித்த தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் மூலையில் தேங்கும். ஃப்ரிட்ஜும் நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸரில் ஓடுவது இல்லை. கேஸ் சூட்டில் அம்மோனியாவும் தண்ணீரும் தானாகச் சுற்றி வந்து குளிர்விக்கும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்து நின்றால் அந்தச் சுற்று நின்றுபோகும், பால் திரியும்.

அதற்கு அங்கே எல்லோரும் செய்வது, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றுவது. பிரஞ்சில் அதற்குப் பெயர் 'கல்'. நம் ஊரில் லாரி கிளீனர் சக்கரத்துக்குக் கல் வைக்கிறானே, கேட்பதற்கு அதே சொல்தான்! இதைச் சொல்லி நானும் மாப்பிள்ளையும் பலமுறை சிரித்திருக்கிறோம்.

ஆனால் கல் வைக்கக் குனிய வேண்டும். ரசமட்டம் பார்த்து, எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். அந்த வருஷம் மாப்பிள்ளை, "மச்சான், பட்டனை அமுக்கினா வண்டி தானா மட்டமாகிற மாதிரி செய்யப் போறேன்" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் போடும் நாலு கால் ஹைட்ராலிக் ஜாக்கியின் விலையில் நம் ஊரில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். எடையும் அதிகம். சாதாரண லைசென்ஸில் ஓட்ட, சாமான், ஆட்களோடு சேர்த்து வண்டி 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. அதனால் அவர், டயர் மாற்றப் பயன்படும் 12 வோல்ட் மோட்டார் ஜாக்கி இரண்டை வாங்கி, பின்பக்கம் சேசிஸில் தொங்கவிடுவதாகத் திட்டம் போட்டார்.

சேசிஸில் பற்றவைத்தால் இரும்பு பலமிழக்கும் என்று, ஏற்கெனவே இருந்த துளைகளில் தடித்த இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டார். பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கேபிள் இழுத்தார். பாட்டரியை ஒட்டியே ஃப்யூஸ், சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே ரிலே. எல்லாம் அவர் கைவேலை. என் வேலை ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது.

இன்னொரு வேலையும் நானாக எடுத்துக்கொண்டேன். ஜாக்கியோடு வந்த பிரஞ்சுக் குறிப்புப் புத்தகத்தை ராத்திரி உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். பிரஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், சர்வீஸில் பல வருஷம் பழைய 'எத்தா சிவில்' பதிவேடுகளைப் படிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்ணில் படும். அன்றைக்கும் ஒரு வரி கண்ணில் பட்டது: தூக்குவதற்கு முன், தூக்காத சக்கரங்களுக்கு ஆப்பு வைக்கவும்.

மறுநாள் பார்த்தால், மாப்பிள்ளை அந்தக் கற்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி ஷெட்டில் போட்டுவிட்டார். "இனி இது எதுக்கு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் வேலை தெரிந்தவர். நான் விருந்தாளி. அதிலும் தங்கையைக் கட்டியவர். அவருக்குப் போய் நான் பாடம் சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

அன்று மதியம் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை உள்ளேயிருந்து, "சோறு ஆறுது, வாங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டாள். அவர் வெளியே வந்து, கையைத் துடைத்து, "ஒரு தரம் தூக்கிப் பாத்துட்டுப் போயிடலாம் மச்சான்" என்றார்.

பட்டனை அமுக்கினார். மோட்டார் முனகியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே. எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த நொடி வண்டி முன்னால் நகர்ந்தது.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் இரண்டும் காற்றில் இருந்தால் அந்தப் பிரேக் இருந்தும் பயனில்லை. கியரும் நியூட்ரலில் இருந்தது. வாசல் லேசான சரிவு. ஜாக்கி இரண்டும் சாய்ந்து மடங்க, வண்டி தொப்பென்று உட்கார்ந்து, உருண்டு மதில் சுவரில் மோதி நின்றது. ஐந்து நிமிஷத்துக்கு முன் அவர் நெஞ்சு இருந்த இடத்துக்கு மேலே சேசிஸ் இறங்கியிருந்தது.

இருவரும் பேசவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டோம். என்ன சத்தம் என்று தங்கை கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஜாக்கி நழுவிடுச்சு" என்றார்.

ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எழுந்து வந்தால் அவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, கல் வைக்கணும்னு அதில போட்டிருந்தது. நான் படிச்சேன். உங்ககிட்ட சொல்லல" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நானும் படிச்சேன் மச்சான். முட்டி மடங்க மாட்டேங்குது. கல் வைக்கக் குனிஞ்சா எழுந்திருக்க முடியல. ஒரு மாசமா இப்படித்தான். அவகிட்ட சொன்னா வண்டிய வித்துடுங்கன்னு சொல்லுவா."

மல்லாந்து படுத்து வேலை செய்தவர், எழும்போதெல்லாம் டயரைப் பிடித்துக்கொண்டே எழுந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் வேலையை முதலிலிருந்து தொடங்கினோம். விளக்குமாற்றுக் கட்டையை அறுத்து ஒவ்வொரு கல்லுக்கும் நீளமான கைப்பிடி போட்டார். நின்றபடியே முன்சக்கரத்துக்குத் தள்ளலாம், நின்றபடியே இழுக்கலாம். வளைந்த தகடுகளை மாற்றி, இன்னும் தடித்ததாகப் போட்டார். ஜாக்கியின் பாதம் மண்ணில் புதையாமலிருக்க அடியில் பலகை. ஜாக்கி இறங்கியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் கத்தும்படி ஒரு பஸ்ஸர். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவே கூடாது, டயரின் பாரம் குறையும் அளவுக்குத்தான் தூக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். சரிவு அதற்கு மேல் இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

நான் ஒரு அட்டையில், பதிவேட்டில் எழுதும் அதே எழுத்தில், ஆறு வரி எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டினேன். முதல் வரி கல். இரண்டாவது, கியர்.

தங்கையிடம் முட்டி விஷயத்தை அவரே சொன்னார். அவள் வண்டியை விற்கச் சொல்லவில்லை. "மாடிப்படி ஏறும்போது தெரியாதா எனக்கு? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாளாம். ஆக, அந்த வீட்டில் மூன்று பேரும் தெரிந்ததைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறோம்.

இப்போதும் எங்காவது வண்டியை நிறுத்தினால் போன் செய்வார்கள். மாப்பிள்ளை பேசுவதற்கு முன்பே பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்கும்: "கல் வெச்சாச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."