பெண்கடலில் ஒரு வத்தை

மாசி மாதத்துப் பின்னிரவு. தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில் ஒரு மீனவக் குடியிருப்பு. கடலுக்குப் போக வேண்டிய பெரியவர் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து மணலில் நிற்கிறார். அவருக்கு வேண்டிய காற்று அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். பகலில் காய்ந்த நிலம் இரவில் ஆறியதும் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று கிளம்பும். வெயில் ஏறினால் அது செத்துவிடும். அதற்குள் கரையோர மேட்டைத் தாண்டியாக வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் தொங்கவிடுகிறார். நுனி அசைகிறது.

"மாப்ள, வந்துருச்சு."

மருமகன் பீடியை மணலில் அழுத்தி அணைத்துவிட்டு எழுகிறார். பேரனை எழுப்பத் தேவையில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாள், அவன் முன்பே வத்தைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நானும் ஏறிக்கொள்கிறேன்.

வத்தை, பலகை பிடித்துக் கட்டிய படகு. அடிப்புறம் ஏறக்குறையத் தட்டை. பெரியதில் மூன்று பாய்மரங்கள் நிற்கும், இது சிறியது. ஆழமில்லாத தண்ணீரில் தரை தட்டாமல் ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு இதற்கு. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தொடாது. அலையும் சிறிது. அதனால்தான் இந்தக் கரைக்காரர்கள் இதைப் பெண்கடல் என்கிறார்கள். பாம்பனுக்குத் தெற்கே கிடக்கும் மன்னார் வளைகுடா அவர்களுக்கு ஆண்கடல்.

நேற்றும் இன்றும் நாட்டுப்படகு நாள். வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று இந்த விரிகுடாவில் பல பத்தாண்டுகளாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. விசைப்படகு நாளில் வலையை விட்டு வைத்தால் அறுபட்டுப் போகும் என்ற பயம் இல்லாமல், முந்தின நாள் விட்ட நண்டு வலையை இன்று தூக்கலாம்.

முதலில் பாய் இல்லை. மருமகன் நீண்ட கம்பை ஊன்றித் தள்ளுகிறார். கம்பு இறங்குகிறது, நிற்கிறது, வத்தை முன்னால் நகர்கிறது. சுக்கானை இன்னும் பூட்டவில்லை. கரையிலிருந்து வெகுதூரம் வந்த பிறகும் தண்ணீர் இடுப்பளவுதான். ஒவ்வொரு ஊன்றலுக்கும் பெரியவரின் முகம் சற்றே திரும்புவதைப் பார்க்கிறேன். கம்பு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறார். மணலில் விழும்போது கரகரக்கும். சேற்றில் சத்தமே இராது, இழுக்கும்போதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல்தாழை என்னும் கடற்புல்லில் விழுந்தால் வழுக்கும். மூன்றும் மாறி மாறி வருகின்றன. அடியில் எந்தத் தரை கிடக்கிறது என்பதிலிருந்தே கரையை விட்டு எவ்வளவு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறது. எதுவும் சொல்லாமல் கையை லேசாக வடக்கே காட்டுகிறார். மருமகன் அந்தப் பக்கம் ஊன்றுகிறார்.

கம்பு எட்டாத ஆழம் வந்ததும் பாய் கட்டிய பருமலை ஏற்றுகிறார்கள். பாய் ஒருமுறை படபடத்து, பிறகு நிறைகிறது. சுக்கான் இறங்குகிறது. குறுக்கே கிடந்த நீண்ட பலகையைப் பேரன் காற்று வரும் பக்கமாக வெளியே தள்ளி, அதன் நுனியில் போய் உட்காருகிறான். காற்று வத்தையைச் சாய்த்தால் அவன் உடம்பின் எடை நிமிர்த்தும். காற்று கூடினால் நுனிக்கு நகர வேண்டும், குறைந்தால் உள்ளே வர வேண்டும். யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. அவன் நகர்வதைப் பார்த்தே காற்றின் அளவைச் சொல்லிவிடலாம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளிவந்த இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய தம் ஆய்வில் இந்தப் பகுதியின் பலகைப் படகுகளைக் குறித்திருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்தும் அந்தப் பலகையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தெற்கே சிலுவை வெள்ளி சாயத் தொடங்கியிருக்கிறது. தென்கோடிக் கரைகளில் அதைக் குருசு வெள்ளி என்பார்கள். அது நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் அதன் அடிப்பக்கம் சரியாகத் தெற்கு. வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்க, அதற்கு வெகு கீழே துருவ நட்சத்திரம். தொண்டி ஏறத்தாழ 9.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால் துருவமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்திலேயே நிற்கிறது. நீட்டிய கையில் ஒரு முட்டி உயரம். பழைய காலத்துத் தமிழ் மாலுமிகள் இந்த உயரத்தை விரலால் அளந்தார்கள். இராப்பலகை என்ற சிறு மரத்துண்டையும் அதற்கு வைத்திருந்தார்கள். தெற்கே போனால் துருவம் இறங்கும், வடக்கே போனால் ஏறும். புறப்பட்ட துறையின் விரல் கணக்கு தெரிந்தவன் திரும்பி வந்துவிடுவான். பெரியவரிடம் பலகை எதுவும் இல்லை. அவர் துருவத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது தன் இடது தோளுக்கு நேராக நிற்கிறதா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். நின்றால் வத்தை கிழக்கே போகிறது.

விடிகிறது. கரை மிகத் தாழ்ந்தது, மலையே கிடையாது. பனைகளின் அடி முதலில் தண்ணீருக்குள் போகிறது, பிறகு இடை, கடைசியில் தலை மட்டும் நிற்கிறது. இங்கேதான் கணியம், கரையின் அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் காணும் கணக்கு. ஒரு பள்ளிவாசல் மினாராவும் அதற்குப் பின்னால் தெரியும் செல்பேசிக் கோபுரமும் ஒன்றை ஒன்று மறைத்தால் வத்தை ஒரு நேர்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு இன்னொரு ஜோடி வேண்டும். வடக்கே ஒரு மாதா கோவில் கோபுரமும் தனியாக நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்று சேர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் வலை. பெரியவர் மேற்கே பார்க்கிறார், வடக்கே பார்க்கிறார், மறுபடி மேற்கே. சுக்கானை ஒரு விரல் அளவு திருப்புகிறார்.

ஆனால் அங்கே வலையின் கொடி இல்லை. பேரன் எழுந்து நின்று பார்க்கிறான். பெரியவர் பார்ப்பது கொடியை அல்ல, தண்ணீரை. கையை உள்ளே விட்டுச் சிறிது நேரம் வைத்திருக்கிறார்.

"வாநீவாடுடா. ராத்திரி பலமா இழுத்திருக்கு."

நீவாடு என்றால் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே போவது வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே வருவது சோநீவாடு. வாடைக் காலத்தில் வங்கக் கடலின் தண்ணீர் பாக் நீரிணை வழியாக நுழைந்து தெற்கே போகும், தென்காற்றான சோழகம் வீசும் காலத்தில் அந்த ஓட்டம் திரும்பிவிடும். மாசியில் வாடை ஓய்ந்துகொண்டிருக்கிறது, அதன் நீவாடு இன்னும் ஓயவில்லை. தெற்கே கொஞ்ச தூரம் போனதும் கொடி தெரிகிறது. ஜிபிஎஸ் நல்ல கருவி, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது வலை விட்ட இடத்தைக் காட்டும். வலை போன இடத்தைக் கண்டது தண்ணீருக்குள் இருந்த அந்தக் கை.

வலை ஏறுகிறது. ஈயக்குண்டுகள் விளிம்பில் தட்டித் தட்டி வருகின்றன. நீலக்கால் நண்டுகள் நூலைக் கவ்விக்கொண்டு தொங்குகின்றன. கால் உடையாமல் கழற்றினால்தான் விலை. மருமகனின் விரல்கள் நண்டின் பின்புறமாக வந்து பிடித்து, ஒரு திருப்பில் நூலை விடுவிக்கின்றன. வயிற்றில் முட்டைத் திரளோடு ஒரு சினை நண்டு வந்தது. பேரன் அதைக் கூடையில் போடப் போக, பெரியவர் கை நீட்டி வாங்கிக் கடலில் விட்டார். வலையோடு வந்த தாழையையும் உதறித் தண்ணீரிலேயே போட்டார். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேய்கிறது. கடற்பசுவுக்கு இந்தக் கரையில் அந்தப் பெயர். இதே விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது.

உச்சிப் பொழுதில் கொண்டல் எழுகிறது. காலையில் கொண்டுபோய்விட்ட காற்று செத்து, கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று பாயை நிறைக்கிறது. மூவரும் பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் பனைகள் தலை, இடை, அடி என்று மேலே எழுந்துவிட்டன. கரையில் பெண்கள் காத்திருக்கிறார்கள், வியாபாரியின் தராசு தயாராக இருக்கிறது. அங்கே நடந்த பேரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாத் துறையிலும் நடப்பதுதான்.

பேரன் படிக்கும் பள்ளியின் புவியியல் படத்தில் பாக் விரிகுடா வெறும் நீலமாக இருக்கும். அந்த நீலத்துக்குள் எங்கே சேறு, எங்கே பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு, எங்கே தாழை, எந்தக் கணியத்தில் எந்த மீன் என்பது பெரியவர் போன்ற சிலரின் நினைவில் மட்டும் இருக்கிறது. கடலோரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாணவர்களிடம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாத்தாவிடம் போய்க் காற்றுகளின் பெயர், நீவாடுகளின் பெயர், பார்களின் பெயர், அவற்றுக்கான கணியம் இவற்றைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இந்த வருடமே சொல்லுங்கள்.