வேலைக்குத் திரும்பும் தங்கைக்கு

காஞ்சிபுரம்

அன்புள்ள செல்விக்கு,

அடுத்த மாதம் ஒரகடம் கம்பெனிக்குத் திரும்பப் போகிறாய், அதற்காகப் பாப்பாவைப் பவுடர் பாலுக்குப் பழக்குகிறாய் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போவதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மகப்பேறு விடுப்பு 26 வாரம். கால் வீங்கி லைனில் நிற்க முடியாமல் பிரசவத்துக்கு 8 வாரம் முன்பே நீ விடுப்பு எடுத்துவிட்டாய். அதனால் நீ திரும்பும்போது பாப்பாவுக்கு நான்கு மாதம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம். இடையிலுள்ள அந்த ஒன்றரை, இரண்டு மாதத்தைத்தான் சமாளிக்க வேண்டும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். ஷிப்ட் முழுக்கப் பாலை எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சலும் வரலாம். நாளடைவில் சுரப்பு குறைந்துவிடும். மூன்று மணிக்கொரு தரம் கையாலேயே பீய்ச்சி எடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வை. நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கு. காம்பை இழுக்காதே. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பயப்படாதே.

கொதிநீரில் போட்டெடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து வை. வெளியே 4 மணி நேரம் தாங்கும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது என்று பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அத்தையிடம் சொல். வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கி, பாலாடையில் புகட்டட்டும். இரவில் பாப்பா கேட்கும்போதெல்லாம் நீயே கொடு, சுரப்பு வற்றாது.

கம்பெனியில் கேட்கத் தயங்காதே. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. இது 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சேர்த்தார்கள். கான்ட்ராக்ட் பெண்களுக்கும் இவை பொருந்தும். கழிவறையில் நின்று பீய்ச்சாதே, கதவு வைத்த ஓர் அறை கேள். 2015லேயே நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள். இத்தனை பெரிய தொழிற்சாலையில் ஓர் அறை ஒதுக்க முடியாதா?

தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், லைனில் கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பீய்ச்சிப் பழகுவதை மட்டும் தள்ளிப்போடாதே, நாளைக்கே ஆரம்பி.

அன்புடன்,
அக்கா