மலைக்கு அப்பால் ஒரு வாசனைத் தோப்பு

ஓமன் நாட்டின் சலாலா நகரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல். மலையெல்லாம் பச்சை. ஆனால் தும்ரைத் செல்லும் சாலையில் அந்த மலையைத் தாண்டினால் போதும், பச்சை சட்டென்று மறைந்துவிடும். சுமார் 40 கிலோமீட்டரில் வாடி தவ்கா வருகிறது. கல்லும் மணலுமான காய்ந்த ஓடை. அதில் காகிதம் போலப் பட்டை உரியும் கோணல்மாணலான மரங்கள். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய குந்திரிக்க மரங்கள் இவைதான். தமிழ்நாட்டு வீடுகளில் வெள்ளிக்கிழமை புகை போடும் சாம்பிராணி பெரும்பாலும் வேறு மரத்துப் பிசின்.

பட்டையைச் சீவினால் பால் போலக் கசிகிறது. முதல் பாலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. சில நாள் கழித்து அதே காயத்தை மறுபடி சீவி, துளிகள் இறுகியபின் சுரண்டி எடுப்பதுதான் நல்ல சரக்கு. வறண்ட பக்கத்தில் கிடைக்கும் 'ஹோஜாரி' ரகத்துக்குச் சலாலா சந்தையில் தனி மவுசு.

பிசினை ஆவியில் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். அதில் பெரும்பங்கு ஆல்ஃபா-பைனீன். பைன் மரத்து டர்பன்டைனில் இருப்பதும் அதேதான்! பிறகு ஏன் இதில் பெயின்ட் கடை வாசனை வரவில்லை? இதன் தனி மணத்துக்கு முக்கியக் காரணம் ஒலிபானிக் அமிலங்கள் என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல்தான் கண்டுபிடித்தார்கள். எண்ணெயில் அவை இருப்பதோ மிகமிகச் சொற்பம். எத்தியோப்பியாவில் வளரும் இன்னொரு வகைக் குந்திரிக்கத்தின் எண்ணெயில் ஆக்டைல் அசிடேட்தான் அதிகம், மணமும் வேறு.

எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்துக் குணம் உள்ளதாகப் பேசப்படும் போஸ்வெல்லிக் அமிலங்கள் கனமானவை. ஆவியோடு மேலே வராது, பிசினிலேயே தங்கிவிடும். வடித்த எண்ணெய்ப் புட்டியை நீட்டி "போஸ்வெல்லிக் நிறைய இருக்கு" என்று யாராவது சொன்னால் காசை எடுக்க அவசரப்பட வேண்டாம்.

கடலோரத்தில் கோர் ரோரி. பழைய சும்ஹுரம் துறைமுகத்தின் இடிபாடுகள். இந்தப் பிசின் கப்பலேறிய இடம். இங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'கீரன்' என்ற பெயர். வணிகரோ மாலுமியோ, பானையில் பேர் எழுதி வைக்கும் வழக்கம் அவரோடு கடல் தாண்டியிருக்கிறது.

அன்று கப்பலுக்குச் சீவியவர்கள் இன்று எண்ணெய்ப் புட்டிக்குச் சீவுகிறார்கள். ஓயாமல் சீவினால் மரத்தின் சத்தெல்லாம் பிசினுக்கே போய்விடும். எரித்ரியாவில் ஆராய்ந்தபோது, சீவப்பட்ட மரங்களின் விதைகள் மிகக் குறைவாகவே முளைத்தன. சீவிய மரத்துக்குச் சில ஆண்டு ஓய்வு தரச் சொல்கிறார்கள். வாடி தவ்காவில் வேலி போட்டு, புதுக் கன்றுகளும் நட்டிருக்கிறார்கள்.