நாலாவது எண்ணூறு

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வருகிற காற்று முதல் வேலையாக எங்கள் மைதானத்துக்குள்தான் நுழையும். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் இருக்கிற மாதிரி செயற்கைத் தரையெல்லாம் இங்கே கிடையாது. பள்ளிக்கூடத்து மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு, அளந்து போட்ட 400 மீட்டர் வட்டம். மேற்கே திரும்பினால் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளுகிறது. கிழக்கே திரும்பும்போது அதே அளவு முதுகைத் தள்ள வேண்டுமே என்றால், தள்ளாது. எதிர்க்காற்றில் போன விநாடிகளைப் பின்காற்று முழுசாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வட்டத்தில் ஓடுகிறவர்களுக்குக் காற்று என்றைக்கும் நஷ்டக் கணக்குதான்.

இன்றைக்கு ஆறு எண்ணூறு. ஒவ்வொரு 800 மீட்டருக்கும் நடுவே ஒரு சுற்று மெதுவோட்டம். மாஸ்டர் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுவதைக் கவனித்துவிட்டு, "அம்மிணி, அந்த வாட்ச்சக் கழட்டிப் பைக்குள்ள போடுங்க. காத்தடிக்கிற அன்னிக்கு மூச்சத்தான் கேக்கோணும்" என்றார்.

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். முதல் எண்ணூறில் எங்கள் எல்லோரையும் தாண்டிப் பறந்தார். இரண்டாவதில் எங்களோடு வந்தார். மூன்றாவது முடிந்ததும் முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி மண்ணில் சின்னச் சின்னக் குழி விழுந்தது. அப்புறம் ஷூ லேஸ் ஞாபகம் வந்தது அவருக்கு. நன்றாகத்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து, மறுபடி கட்டி, தண்ணீர் பாட்டிலைத் தேடி, கெண்டைக்கால் ஒரு மாதிரி இழுக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் நாலாவதில் பாதி போயிருந்தோம்.

ஆறில் நாலாவதுதான் கொடுமை. முதல் இரண்டும் உடம்பு புதுசாக இருக்கும்போதே முடிந்துவிடும். மூன்றாவதை, இதோடு பாதி தீர்ந்தது என்ற கணக்கில் ஓடிவிடலாம். ஐந்தாவது என்றால் கடைசிக்கு முந்தையது. ஆறாவதை யாரும் விடமாட்டார்கள். நாலாவதுக்கு மட்டும் ஒரு ஆறுதலும் இல்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றவர்கள் குறைவு. விடுகிறவர்கள் எல்லாம் அதற்கு முந்தின மெதுவோட்டத்தில்தான் விடுகிறார்கள். மூச்சு அடங்க அடங்க அங்கேதான் காரணங்கள் முளைக்கின்றன. மனவலிமை, மனவலிமை என்கிறார்களே, அது இருக்கிறதா இல்லையா என்பது மெதுவோட்டத்தின் அந்த மூன்று நிமிடத்துக்குள் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

ஜூலை 24, வியாழன்

கால்வலி. ஓடவில்லை, படித்தேன்.

இந்த விட்டுவிட்டு ஓடும் முறைக்கு ஒழுங்கான சட்டதிட்டம் போட்டவர்கள் ஜெர்மனிக்காரர்கள் இருவர்: பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹான்ஸ் ரைன்டல். 1930-களின் கதை. வேகமாக ஓடவிட்டு நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்றுவார்கள். பிறகு ஓய்வு. 90 விநாடிக்குள் துடிப்பு 120-க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். இதயம் பலப்படுவது ஓடும்போது இல்லை, நடுவில் விடும் ஓய்வில்தான் என்று அவர்கள் நம்பினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பலன் கண்முன்னால் நின்றது. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனையை உடைக்க உலகத்துக்குப் பதினாறு வருடம் பிடித்தது.

எமில் ஸாடோபெக்கின் பெயர்தான் நம் ஆட்களுக்கு அதிகம் தெரியும். பட்டாளத்து பூட்ஸோடு பயிற்சி செய்தவர், 400 மீட்டரை எண்ணிலடங்காமல் திரும்பத் திரும்ப ஓடியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம்; அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான். ஓடும்போது முகம் கோணிக்கொள்ளும், நாக்கு வெளியே தொங்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, மனவலிமை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாகிற மட்டும் ஓடுவது என்று ஒரு தலைமுறையே நினைத்துவிட்டது. ஸாடோபெக் மேல் எனக்கும் பக்திதான். இருந்தாலும் எங்கள் வாட்ஸப் குழுவில் அவர் படத்தைப் போடுகிறவர்கள், 120-க்கு இறங்காவிட்டால் வீட்டுக்குப் போ என்ற கெர்ஷ்லரின் வரியையும் பக்கத்தில் போட்டால் தேவலை.

ஆகஸ்ட் 20, புதன்

ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு மத்தியானம் பில் அனுப்புகிற புண்ணியவான்கள் எல்லா ஆடிட்டர் ஆபீஸுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. எல்லாம் ஏற்றி முடித்து ஆர்.எஸ். புரத்தை விட்டுக் கிளம்பும்போது பொழுது இறங்கிவிட்டது. காலையில் தவறிய ஓட்டத்தை ரேஸ்கோர்ஸில் ஓடினேன். அங்கே ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நாலு முறை ஆயிரம் மீட்டர் ஓடுவதாகத் திட்டம். முதல் ஆயிரத்திலேயே கால் கல்லாகக் கனத்தது. அதிசயம் என்னவென்றால், வாட்ச் காட்டிய நாடித்துடிப்பு வழக்கமானதுதான். நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காத காலுக்கு எப்படிக் களைப்பு வந்தது?

வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்கோரா என்ற இத்தாலியரும் அவரோடு இருந்தவர்களும் இதையே சோதித்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் 90 நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் கவனம் சிதறாமல் செய்ய வேண்டிய சலிப்பான வேலை. இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ஆவணப்படம். முடிந்ததும் இனி முடியாது என்கிற வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டும். மூளை களைத்த நாளில் அதே ஆட்கள் ஏறக்குறைய 15 சதவீதம் சீக்கிரமாகவே விட்டுவிட்டார்கள். இதயத்திலும் ரத்தத்திலும் அதற்குக் காரணம் அகப்படவில்லை. தொடக்கத்திலிருந்தே பாடு அதிகமாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். மாதா மாதம் இருபதாம் தேதி அனுபவிக்கிற எனக்கு இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஆனாலும் இது என் சோம்பல் இல்லை என்று ஒரு பல்கலைக்கழகமே சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அதே மார்கோராவின் குழு 2014-இல் வேறொன்றும் சொன்னது. பாடு ஏறும் நேரத்தில் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வது என்று முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, இரண்டு வாரம் பழகியவர்கள் சுமார் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப் பிடித்தார்கள். எனக்கு வீரவசனம் வாயில் வராது. கடைசி 200 மீட்டரில் பதினெட்டாம் வாய்ப்பாடு சொல்வேன், தொழில் அப்படி. பதினெட்டு, முப்பத்தாறு, ஐம்பத்துநாலு. நூற்று இருபத்தாறில் தடுமாறினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நூற்று எண்பது வரைக்கும் சுத்தமாக வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். இன்றைக்குத் தொண்ணூற்றைத் தாண்டவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு வந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மருதமலை அடிவாரம். ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம் ஓடி, நடந்து இறங்கி, மறுபடி ஏற்றம். பாதி முடிந்திருக்கும்போது மேலே காட்டோரம் யானை நிற்பதாக எதிரே வந்தவர் சொன்னார். மாஸ்டர் விசில்கூட ஊதாமல் கையாலேயே எல்லோரையும் திருப்பிவிட்டார். இந்தப் பக்கத்தில் யானைக்கு வழிவிடாத பயிற்சி அட்டவணை எதுவும் இல்லை.

செப்டம்பர் 27, சனி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கப் போகும் வழியில் அவினாசியில் டீ. இந்த வட்டாரத்துப் பையன்தான் தருண் அய்யாசாமி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 48.96 விநாடி, வெள்ளி, அப்போதைய தேசிய சாதனை. தங்கம் எடுத்தவர் கத்தார் நாட்டின் சாம்பா. அதே போட்டியில் 4x400 தொடர் ஓட்டத்திலும் இவர் இருந்த அணிக்கு வெள்ளி. லால்குடி ஆரோக்கிய ராஜீவும் அந்த அணியில்தான் ஓடினார். அடுத்த வருடம் பட்டியாலாவில் தடை ஓட்டத்தில் 48.80. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, பள்ளிக்கூட டீச்சரான அம்மா வளர்த்த பிள்ளை.

அந்தத் தடை ஓட்டத்தின் வடிவத்தை யோசித்துக்கொண்டே டீ குடித்தேன். ஒரே சுற்று, பத்துத் தடை, ஒவ்வொன்றும் 91.4 சென்டிமீட்டர் உயரம், நடுவில் 35 மீட்டர் இடைவெளி. அந்த 35 மீட்டரை எத்தனை எட்டில் கடப்பது என்று ஓடுகிறவர் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருப்பார். களைத்தால் எட்டு சுருங்கும், எண்ணிக்கை மாறும். எண்ணிக்கை மாறினால் வழக்கமாக முன்னால் தூக்கும் காலை விட்டுவிட்டு மற்றக் காலால் தாண்ட வேண்டிவரும். நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும்போது இந்தக் கணக்கை உடம்பு தானாகப் போட வேண்டும். ஆவேசத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆவேசப்பட்டு எட்டு நீண்டுவிட்டாலும் தடை காலில் இடிக்கும்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. மைதானத்தில் குளம் கட்டி நிற்கிறது. மாஸ்டர் போனில், "தூங்குங்க அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

1954 வசந்தத்தில் ரோஜர் பேனிஸ்டர் பட்ட பாடு ஞாபகம் வந்தது. பத்து முறை கால் மைல், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒவ்வொன்றையும் 60 விநாடிக்குள் ஓட வேண்டும். 61-இல் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிட்டது, எத்தனை முயன்றும் இறங்கவில்லை. தன்னோடு ஓடும் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய், ஓட்டத்தையே மறந்துவிட்டு, பாறை ஏறினார். திரும்பி வந்ததும் 59. மே 6-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தார். அந்த ஒரு விநாடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தியிருந்தால் கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

சரவணம்பட்டித் தம்பி இன்று ஆறையும் முடித்தார். முதலாவதை எங்களுக்குப் பின்னால் ஓடினார். அவருக்கு அதுதான் சிரமமாக இருந்திருக்கும். நாலாவதுக்கு முந்தின மெதுவோட்டத்தில் அவர் கை லேஸுக்குப் போகவில்லை.

"அக்கா, இதெல்லாம் ஆபீஸ்ல உதவுமா?" என்று கேட்டார். ஒரு ஆய்வைச் சொன்னேன். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியானது. ஒரு குழு ஆறு வாரம் சைக்கிளில் கடுமையான இடைவெளிப் பயிற்சி. இன்னொரு குழு அதே அளவு வேலையைச் சீரான மிதவேகத்தில். உடல்தகுதி இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியது. ஆனால் கையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு, வலியை எத்தனை நேரம் பொறுக்கிறார்கள் என்று பார்த்தபோது, கடுமையாகப் பயின்றவர்கள் மட்டுமே முன்பைவிட அதிகம் பொறுத்தார்கள். அதாவது காலில் பழகியது கையிலும் வேலை செய்தது. அதற்கு மேல், மேனேஜரைப் பொறுத்துக்கொள்வதற்கும் அது பயன்படும் என்று யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை என்றேன். சிரித்தார்.

வீட்டில் அம்மாவிடமும் இதைச் சொன்னேன். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேமில் சைடராக இருந்தவள். ஷிப்ட் முழுக்கப் பிரேம்களுக்கு நடுவே நடக்க வேண்டும், அறுந்த இழையைப் பார்த்த இடத்தில் சேர்க்க வேண்டும். காதுக்குள் இரைச்சல், தலையெல்லாம் பஞ்சு. "காசு குடுத்து எளைப்பு வாங்கிட்டு வர்றியா கண்ணு?" என்றாள். "எட்டு மணி நேரம் நடந்தனே, எனக்கு எவனாச்சும் பட்டை கட்டிப் பாத்தானா?"

பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் மெதுவோட்டத்தின் அந்த மூன்று நிமிடம்தான். நான் வேண்டாம் என்றால் லேஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். பிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் எங்கே உட்காருவது? விரும்பி மறுபடி தொடங்குகிற பழக்கம்தான் இடைவெளி ஓட்டத்தில் கிடைக்கும் சரக்கு என்றால், வேறு வழியில்லாமல் தாங்கியவர்களின் பலத்தை அதே தராசில் நிறுக்கக்கூடாது. ஓட்டக்காரர்கள் பேசும் மனவலிமைப் பேச்சில் எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். இந்த ஊர் மில்லிலும் பவுண்டரியிலும் பாடுபட்டு எழுந்த ஊர்.

டிசம்பர் 9, செவ்வாய்

இந்த மாதம் கோயம்புத்தூர் மாரத்தான். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக 2013-இல் தொடங்கியது. எங்கள் குழுவில் பெரும்பாலோர் 21.1 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பந்தயம் நெருங்கும்போது பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம், கடைப்பிடிக்கத்தான் மனசு வராது. ஆறு எண்ணூறு இன்று மூன்றாகிவிட்டது. மூன்றையும் ஒரே சீராக ஓடினேன், வாய்ப்பாடு நூற்று எண்பது வரை பிசகாமல் வந்தது, மூச்சும் சீக்கிரமே அடங்கிவிட்டது. நாலாவதற்குக் கோட்டில் போய் நின்றேன்.

மாஸ்டர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க, மாஸ்டர்."

"மூணுன்னா மூணுதானுங்க. ஆபீசுல சோலி இல்லீங்களா?"

இருந்தது. நாளை மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1.