பெர்கின்ஸ் தோற்றவரா?

கல்லூரியில் சேர்ந்து ஆடியவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யம்தான். ஆனால், எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி ஞாபகம் வரும்.

1982 இறுதிப் போட்டியில் ஜார்ஜ்டவுனை 63-62 என ஒரே புள்ளியில் வென்ற அணி அது. கடைசி விநாடிகளில் வெற்றிப் பந்தைக் கூடைக்குள் போட்டவர், முதலாம் ஆண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டான். ஆனால், அன்று 28 புள்ளிகள் எடுத்தவர் ஜேம்ஸ் வொர்த்தி.

பிறகு, என்.பி.ஏ.வில் ஜோர்டானுக்கு 6 சாம்பியன் பட்டங்கள், வொர்த்திக்கு 3. ஜிம்மி பிளாக் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மேட் டோஹர்ட்டி, 2000-ல் அதே பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார்.

ஐந்தாமவர் சாம் பெர்கின்ஸ். 17 சீசன்கள் ஆடினார். 3 முறை இறுதிச் சுற்றுக்குப் போனார், மூன்றிலும் தோல்வி. அதில் 1991, 1996 என இரண்டு முறை எதிரணியில் நின்றவர், பழைய தோழன் ஜோர்டான்!

பட்டங்களை மட்டும் எண்ணினால் பெர்கின்ஸ் தோற்றவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 17 சீசன்கள் ஒருவரை அணிகள் சும்மாவா வைத்துக்கொள்ளும்?

'நம்ம செட்டில் யார் பெரிய ஆள்?' என்று நண்பர்கள் பேச ஆரம்பித்தால், நான் முதலில் தேடுவது அப்படி ஒரு பெர்கின்ஸைத்தான்.